பிரளயமும் பரிகாசமும்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையை முதலிலும், அழுகையை இரண்டாவதாகவும், அச்சத்தை ஐந்தாவதாகவும் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்றார். பள்ளியிறுதி வகுப்பில் தமிழாசிரியர் இதனைச் சொல்லித் தந்த நாள்முதல் நமக்கு ஓர் ஐயம் உண்டு. உலகம் அழியப்போகிறது என்று யாரேனும் சொன்னால் நம் மக்கள் சிரிக்கின்றனரே, அச்சிரிப்பு இந்நான்கனுள் எதனைச் சார்ந்தது? புலவர் பெருமக்கள் இதற்கு விடை காண்பாராக. புகைவண்டி அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிக் காலங்கழிக்கும் நாம், வரலாற்றிலிருந்து சில செய்திகளை மட்டும் எடுத்து நம் காலனி அன்பர்கள் முன் வைக்கிறோம். இவற்றுள் முக்கியமானவை பீர்மேட்டையும் அதனை அடுத்த மலைநாட்டையும் பற்றியவை. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கு அம்மலைகளில் இன்றும் உற்றார் உறவினர் உண்டன்றோ?

முதலில் வானத்தைப் பார்ப்போம். 1910-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹாலி வால்வெள்ளி தோன்றியது. பூமி அதன் வாலின் ஊடே செல்லப்போகிறது என்று கணித்தனர். அவ்வாலில் சயனோஜன் என்னும் நச்சுவாயு இருப்பதும் அதற்குள் தெரிந்திருந்தது. பிரெஞ்சு வானியலறிஞர் கமீல் ஃபிளமாரியோன், அவ்வாயுவால் உலகத்து உயிர்கள் மடியக்கூடும் என்று சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. மேனாட்டு நகரங்களில் வால்வெள்ளி மாத்திரை என்று ஒன்று விற்பனைக்கு வந்தது. அதனை விற்றவனுக்கு உலகம் அழியாது என்பதில் ஐயமே இருந்திராது. இல்லையேல் காசு வாங்கி என்ன செய்வான்? புதுச்சேரியில் இருந்த நம் பாரதியாரோ 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்று அதனைப் பாட்டில் வைத்தார். மே 18, 19 நாள்களில் வாலும் கடந்தது. மாத்திரை உண்டவரும் உண்ணாதவரும் ஒருங்கே பிழைத்தனர்.

அடுத்தது அஷ்டகிரகச் சேர்க்கை. பிலவ ஆண்டு தை மாதம், அதாவது 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை, ஞாயிறு முதல் சனி ஈறாக எழுவரும் கேதுவும் மகர ராசியில் கூடினர். இடையில் தை அமாவாசையும் சூரிய கிரகணமும் வந்து சேர்ந்துகொண்டன. கேட்க வேண்டுமா? வடநாடெங்கும் பெரும் யாகங்கள் நடந்தன. குடம் குடமாக நெய் தீயிற் சென்றது. பிரதமர் நேருவோ இது நகைப்புக்குரியது என்று சொல்லிவிட்டார். கடன் கொடுத்தவர் பிப்ரவரி 2-ஆம் தேதியே வசூலுக்குப் புறப்பட்டதையும், வாங்கியவர் 6-ஆம் தேதி வரட்டும் என்று தவணை கேட்டதையும் நம் காலனிப் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்லக் கேட்டிருக்கிறோம். 6-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் விடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படையெடுப்பு வந்தபோது, அன்றே சொன்னோம் கேட்டீர்களா என்று சோதிடர் சிலர் நிமிர்ந்து நின்றனராம். எட்டு மாதம் தாமதமாக வரும் வண்டியையும் வந்ததாகவே கணக்கிடுவது சோதிடத்தின் பெருந்தன்மை.

1979-ஆம் ஆண்டில் மற்றொன்று. இது இயற்கையின் செயலன்று. மனிதன் மேலே அனுப்பியது கீழே வந்தது. அமெரிக்கர் 1973-இல் விண்ணிற் செலுத்திய ஸ்கைலாப் என்னும் 77 டன் எடையுள்ள கூடம் விழப்போகிறது என்றவுடன், எந்த ஊர்க் கூரையில் விழும் என்பதே பேச்சாயிற்று. அது ஜூலை 11-ஆம் தேதி இந்துமகா சமுத்திரத்திலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. எஸ்பரன்ஸ் என்னும் ஊர்க்காரர்கள், தம் எல்லையிற் குப்பை கொட்டிய குற்றத்திற்காக அமெரிக்க விண்வெளி நிலையத்திற்கு 400 டாலர் அபராதம் விதித்தனர். உலகமே சிரித்தது.

சரியாக ஒரு மாதம் கழிந்தது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்து மோர்வி நகரத்தின் மேற் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த மழைக்காலம் முழுதும் மக்கள் அண்ணாந்து வானத்திலிருந்து விழும் இரும்பைத் தேடிக்கொண்டிருந்தனர், வந்தது நீர்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைச் சற்றே கருதுதல் வேண்டும். வால்வெள்ளி வந்து மோதினால் அரசனும் ஆண்டியும் ஒன்றாகவே போவர். எல்லார்க்கும் பொதுவான சாவில் யார்க்கும் தனித்துயர் இல்லை. ஆகவே அதனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. மேட்டு நீர் அத்தகையதன்று. அது பள்ளத்து வீட்டையே முதலில் தேடிச் செல்லும்.

இனி மலைக்குச் செல்வோம். பீர்மேடு, பீர் முகம்மது என்னும் சூஃபிப் பெரியாரின் பெயரைத் தாங்கியது என்பர். திருவிதாங்கூர் மன்னர் கோடைக்குத் தங்கிய குட்டிக்கானம் அதன் அருகில் உள்ளது. ஏறத்தாழ 3,000 அடி உயரம், தேயிலைக்காடு, அதில் உழைக்கச் சென்றவருட் பெரும்பாலோர் நம்மவர். பீர்மேடு அமைந்துள்ள இடுக்கி மாவட்டம் முழுதிலும் ஓர் அடி இருப்புப்பாதை கூட இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. இருப்புப்பாதை ஊழியர் என்ற முறையில் இதனைச் சற்று விரிவாகச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே மலையுச்சிவரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. 1908-இல் அது 2 அடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதையாக மாறியது. தேயிலைப் பெட்டிகளை உச்சிவரை வண்டி ஏற்றிச் செல்லும். அங்கிருந்து கம்பிவடத்தில் அவை தமிழகத்துச் சரிவில் இறங்கும். பிறகு போடிநாயக்கனூர் சேர்ந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறும். ஐரோப்பியத் துரைமார் குடித்த தேநீர் இவ்வாறு நம் சீமை வழியாகவே சென்றது என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்வார்களாக.

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மலையாள ஆண்டு 1099 கர்க்கடகத்தில், மழை தொடங்கியது. ஏறத்தாழ மூன்று வாரம் விடவில்லை. அதன் கடும்பொழிவு ஜூலை 16 முதல் 18 வரை தேவிகுளத்தை மையமாகக் கொண்டு இருந்தது. மூணாறு நகரம் சிதைந்தது. ஆலுவாயிலிருந்து காட்டின் ஊடே மூணாற்றுக்கு ஏறிய பழைய சாலை மலையோடு சரிந்து போயிற்று. குண்டளை இருப்புப்பாதை அடித்துச் செல்லப்பட்டது. அதனைத் திரும்ப அமைக்க எவரும் முற்படவில்லை. மலையுச்சியில் வண்டி நின்ற இடத்திற்கு இன்றும் 'டாப் ஸ்டேஷன்' என்றே பெயர். புதிதாக வருபவர் ஸ்டேஷன் எங்கே என்று வினவுவதும், வண்டி சற்றுத் தாமதம், 1924-இல் புறப்பட்டது இன்னும் வந்து சேரவில்லை என்று அவ்வூர்க்காரர் விடையிறுப்பதும் பழைய பரிகாசம். நம் அலுவலகத்திலும் இதனைச் சொல்லிப் பார்த்தோம், மேலதிகாரி சிரிக்கவில்லை.

அவ்வெள்ளத்தை மலையாள மக்கள் 'தொண்ணூற்றொன்பதிலே வெள்ளப்பொக்கம்' என்றனர். மலைநாட்டிலும் குட்டநாட்டிலும் காலத்தை அளக்கும் கோல் ஆயிற்று அது. பிறந்த ஆண்டு தெரியாத பாட்டி, தொண்ணூற்றொன்பதில் தான் இடுப்புக் குழந்தை என்பார், கணக்குச் சரியாகிவிடும். பிழைத்தவர்கள் அதனைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்கள் என்பது நாம் நேரிற் கண்டது. கூரைமேல் பூனையும் பாம்பும் கோழியும் சண்டையின்றி ஒன்றாய் அமர்ந்திருந்ததைச் சொல்வர். கட்டிலோடு மிதந்தவர் கட்டிலை விட மனமின்றித் தோணியில் ஏற மறுத்ததைச் சொல்வர். அச்சிரிப்பு எள்ளலன்று, மடமையும் அன்று. இறந்தவரின் பெயரைச் சொல்ல நா எழாத இடத்தில், அந்நாளை மறவாமற் காக்க அவர்கள் கண்ட வழி அது. பேரப்பிள்ளைகள் கதையைக் கேட்டுச் சிரித்தனர். சிரித்ததனாலேயே நீர் எந்தப் படிவரை ஏறியது என்பதும் அவர்கள் நினைவிற் பதிந்தது.

ஆனால் காலம் செல்லச் செல்லப் பரிகாசம் மட்டும் நின்றது. படி மறந்து போயிற்று. பழங்குடையைக் கண்டால் தொண்ணூற்றொன்பதில் வாங்கியதோ என்பதும், பழங்கதை பேசுவோரைத் தொண்ணூற்றொன்பது என்று பட்டப்பெயரிட்டு அழைப்பதுமாக, வெள்ளம் ஒரு கேலிச்சொல் ஆயிற்று. வெள்ளம் நின்ற வயல்களில் வீடுகள் எழுந்தன, ஆற்றங்கரை சுருங்கியது. மூத்தோர் ஒருவர் விரலைக் காட்டி, இதுவரை நீர் வந்தது என்றால், இளையோர் புன்முறுவல் பூத்தனர்.

தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கழித்து, 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மீண்டும் அது வந்தது. முன்னது கர்க்கடகத்தின் தொடக்கத்தில் வந்தது. இது அம்மாதம் முடிந்து சிங்கம் பிறக்கும் தறுவாயில் வந்தது. மத்திய நீர்வள ஆணையம் பின்னர் ஆராய்ந்து, இம்மழையின் மையம் பீர்மேடு என்றும், 1924-இன் தேவிகுளம் மழையோடு இதனை ஒப்பிடலாம் என்றும் கூறியது. பெரியாற்றுக்கும் பம்பைக்கும் இடையில் உயர்ந்து நிற்கும் மேடு அது. அங்குக் கொட்டியது இரு புறமும் இறங்கியது. செறுதோணி அணை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. கேரளத்தில் நானூறு பேருக்கு மேல் மாண்டனர். வண்டிகள் நின்றன. ஊரெங்கும் வெள்ளம், குடிக்க நீர் இல்லை. புனேயிலிருந்து குடிநீர் நிரப்பிய வாகன்கள் புகைவண்டியில் வந்தன. மூழ்கிய நாட்டிற்கு வண்டியில் தண்ணீர் அனுப்புகிறோம் என்று நம் சக ஊழியர்கள் அன்று சொல்லிச் சிரித்தனர், நாமும் சிரித்தோம். தூக்கமின்றி இரண்டு நாள் பணிபுரிந்த பிறகு வரும் சிரிப்பு அது. அதனையும் தொல்காப்பியர் கணக்கிற் காணோம்.

பீர்மேட்டைப் பேசும்போது முல்லைப் பெரியாற்று அணையை விட்டுச் செல்ல இயலாது. அணை நிற்பது அத்தாலுகாவில்தான். 1886-இல் திருவிதாங்கூரும் ஆங்கில அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்திற்கு 999 ஆண்டுத் தவணை. கர்னல் பென்னிகுவிக் 1895-இல் அணையை முடித்தார். மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கை நெல்வயலாக்கியது. அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் குடும்பங்கள் அங்கு உண்டு. மோர்வி அணை உடைந்த 1979-ஆம் ஆண்டிலேயே இவ்வணையைப் பற்றிய அச்சம் கேரளத்தில் எழுந்தது. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டு, அணையை வலுப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இதில் எவர் பக்கம் நியாயம் என்று உரைக்க நாம் முன்வரவில்லை. அதற்குப் பொறியாளரும் நீதிபதிகளும் இருக்கின்றனர். நாம் கண்டது வேறு. மலைக்குக் கிழக்கே, அணையாவது உடைவதாவது என்று கேலி பேசுவர். மேற்கே, உடைந்தால் கடல்வரை நீந்திப் போகலாம் என்று கேலி பேசுவர். வண்டிப்பெரியாற்று லயத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கு இரண்டு கேலியும் ஒருங்கே வீடு தேடி வரும். அவர் தம்பியின் வயல் கம்பத்தில் அந்நீரால் விளைகிறது. அவர் வீடு அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் நிற்கிறது. எப்பக்கம் சேர்ந்து சிரிப்பார்? மழை வலுக்கும் இரவில், எத்தனை அடி என்று மட்டும் கேட்பார்.

சில இடங்களில் பரிகாசம் பிறக்கவே இல்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்து வீடுகளை மூடியது. எழுபது உயிர்கள் போயின. யாவரும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தினர். கயத்தாற்றுப் பக்கத்து உறவினர் பலர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப் போனமையால் மறுநாட் காலையில்தான் வெளியுலகம் அறிந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி பீர்மேடு தாலுகாவின் கொக்கயாற்றிலும் மண் சரிந்தது. பெட்டிமுடியிற் பிழைத்த குடும்பங்களுள் எட்டுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் வீடு கட்டித் தரப்பட்டது.

மூணாற்றுப் பக்கத்து உறவினர் நம் காலனிக்கு வரும்போது தொண்ணூற்றொன்பதைப் பற்றிக் கேட்டால், பாட்டன் சொன்ன பூனைக் கதையையும் கட்டிற் கதையையும் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கின்றனர். பெட்டிமுடியைப் பற்றிக் கேட்டால், எழுந்து சென்று வாசலில் மழை விட்டதா என்று பார்க்கின்றனர்.