பைக்காரா கரண்டும் கவலைத் தோலும்

நீர்மின்சாரத்தைத் தூய்மையான மின்சாரம் என்கிறார்கள். கரி எரிவதில்லை, புகையில்லை, அதுவரை சரிதான். ஆனால் 'சுத்தம்' என்ற சொல் விழுந்தாலே யார் சுத்தம், யார் தீட்டு என்று கேட்டுப் பழகிய காது நம்முடையது.

நீலகிரியின் பைக்காரா ஆற்று நீரைத் திருப்பி, 3,000 அடிக்கும் அதிகமான உயரத்திலிருந்து சிங்காராவுக்குக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுத்தது சென்னை மாகாண அரசு. 1929-ல் தொடங்கிய வேலை, 1932-ல் மின்சாரம் வந்தது. சர் சி.பி.ராமசாமி ஐயரையும் தலைமைப் பொறியாளர் ஹோவர்டையும் மறக்காமல் சொல்கிறார்கள். பாறை உடைத்தவர்களுக்கு, குழாய் சுமந்தவர்களுக்குப் பெயரில்லை. கம்பி கோவைக்கு இறங்கியதும் பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. அந்தக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

எழுதாதது கிணற்றடிக் கதை. கொங்கு மண்ணில் மழை குறைவு, கிணறு ஆழம். மாடு பூட்டிக் கவலை இறைத்துத்தான் வெள்ளாமை. தண்ணீர் மொள்ளும் சாலுக்குத் தோல் வால் தைத்ததும், கிழிந்தால் ராவோடு ராவாக ஒட்டுப்போட்டதும் மாதாரிகள். செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, ஆவாரம் பட்டையில் பதப்படுத்தித் தைத்தவனைத் தொட்டால் தீட்டு. அவன் தைத்த தோல் வழியாக வந்த தண்ணிக்குத் தீட்டில்லை! கூலி காசாக இல்லை, களத்தில் அளந்து போடும் தவசம்.

1937-லேயே கோவையில் மின்மோட்டார் செய்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது தோட்டந்தோறும் வந்தது. போத்தனூர்ப் பக்கம் எங்கள் வளவில் அப்பாரு சொல்வார்: "மோட்டார் வந்துச்சு, கவலை நின்னு போச்சு. தோலுக்கு வேலையில்லீன்னா தவசம் ஏதுடா?" சொல்லிவிட்டுச் சிரிப்பார். "ஆனா ஒண்ணு, நடுச்சாமத்துல 'டேய், வாலு கிழிஞ்சுபோச்சு'ன்னு வந்து எழுப்பறவன் ஒழிஞ்சான்."

அடிமைத்தொழில் போனதற்கு நான் அழமாட்டேன். போனதற்கு ஈடாக நிலம் வந்ததா, கிணறு வந்ததா? பலர் போய்ச் சேர்ந்தது நகராட்சித் துடைப்பத்திடம். 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் முழு இலவசமானது. யாருக்கு? கிணறு வைத்திருந்தவர்களுக்கு. குடிசைக்குக் கிடைத்தது ஒற்றை விளக்கு.

போத்தனூர் 1862-லேயே ரயில் பார்த்த ஊர். எங்கள் வளவுக்குக் கரண்டு கம்பம் வந்தது நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான். தோட்டத்து மோட்டாருக்குப் போன கம்பி அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் கூரைகளுக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது.