பிளக் வயரை மாற்றினால் மைலேஜ் கூடுமா? சரக்கு வாகனம் வைத்திருக்கும் விவசாயிகள் கவனத்திற்கு

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளிக் கிழங்கை மில்லுக்கும், முட்டையைக் கடைகளுக்கும், காய்கறியை உழவர் சந்தைக்கும் கொண்டு செல்ல விவசாயிகள் பலர் சொந்தமாகச் சிறிய சரக்கு வாகனம் வைத்துள்ளனர். 'இந்த வயரைப் போட்டால் மைலேஜ் கூடும்' என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

டீசல் வாகனமா?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, அதற்கான வயரும் இல்லை. அழுத்தத்தால் சூடான காற்றில் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது. ஹீட்டர் பிளக் என்பது குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் வேறு பாகம். எனவே டீசல் லாரிக்கு இந்த வயர் வீண் செலவு.

பெட்ரோல், சிஎன்ஜி வாகனமா?

டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி ஆகியவற்றில் பெட்ரோல், சிஎன்ஜி வகைகளும் உண்டு. சில இன்ஜின்களில் காயில் நேரடியாக பிளக் மேலேயே அமர்ந்திருக்கும். அவற்றில் மாற்ற வயரே இருக்காது. வயர் உள்ள வண்டியில், நல்ல நிலையில் இருக்கும் வயரை எடுத்துவிட்டு விலை உயர்ந்த வயரைப் போடுவதால் மைலேஜ் கூடாது. ஆனால் பழுதான வயர் மைலேஜைக் குறைக்கும். பொறி சரியாக விழாதபோது எரியாத எரிபொருள் சைலன்சர் வழியே வெளியேறும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். சிஎன்ஜிக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை என்பதால், வயரின் குறை கேஸில் ஓட்டும்போதே முதலில் தெரியும்.

ஒரு கணக்கு: மாதம் 1,500 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால் 100 லிட்டர் போதும். அதுவே 13 ஆகக் குறைந்தால் சுமார் 115 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 1,500 ரூபாய் நஷ்டம்.

கண்டறியும் முறை

* வண்டி உதறுவது, மேட்டில் இழுக்காமல் திணறுவது, இன்ஜின் விளக்கு எரிவது ஆகியவை அறிகுறிகள்.
* வயரில் வெடிப்பும் எலிக்கடியும் உள்ளதா என்று பாருங்கள். களத்திலும் கொட்டகையிலும் நிறுத்தும் வண்டிகளில் எலித்தொல்லை அதிகம்.
* இருட்டில் இன்ஜினை ஓடவிட்டால், கசிவுள்ள இடத்தில் நீலப்பொறி தெரியும். கையால் தொடக்கூடாது, பல ஆயிரம் வோல்ட் பாயும்.
* மெக்கானிக்கிடம் மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பார்க்கச் சொல்லி, கையேட்டில் உள்ள அளவுடன் ஒப்பிடுங்கள்.

மாற்றும்போது

கம்பெனி குறிப்பிட்ட ஓம் அளவுள்ள வயரையே வாங்குங்கள். மின்தடை இல்லாத வெறும் செம்பு வயர், இன்ஜின் கம்ப்யூட்டருக்கு மின் இடையூறு தரலாம். வரிசை மாறாமலிருக்க ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டுங்கள். பிளக்கையும் சேர்த்துச் சோதியுங்கள்.

மைலேஜை அறிய டேங்கை நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்பும்போது பிடிக்கும் லிட்டரால் ஓடிய தூரத்தை வகுங்கள். ஒரே பாரம், ஒரே தடத்தில் மாற்றும் முன்னும் பின்னும் மூன்று முறை பாருங்கள்.

எந்த வாகனமானாலும் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடிப்பு ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றாதீர்கள். மைலேஜ் குறையப் பெரும்பாலும் இவையே காரணம்.