சென்னையில் பழங்களைப் பழுக்கவைக்கும் முறைகளின் வரலாறு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய சென்னையின் தென்புறநகர்க் கடைகளில் விற்கப்படும் மாம்பழமும் வாழைப்பழமும் பெரும்பாலும் மரத்திலேயே பழுத்தவை அல்ல. முற்றிய காயாகப் பறிக்கப்பட்டு, கோயம்பேடு போன்ற மொத்தச் சந்தைகளின் வழியே வருவதற்குள் பழுக்கவைக்கப்பட்டவை. இம்முறைகளுக்கு அடிப்படை எத்திலீன் என்னும் தாவர ஹார்மோன் ஆகும்.

மூட்டம் போடுதல்

வாழைத்தார்களைக் காற்றுப் புகாத அறையிலோ குழியிலோ அடுக்கிப் புகையிடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். இது மூட்டம் போடுதல் எனப்படும். மாங்காய்களை வைக்கோலில் புதைத்து வைப்பர். புகையில் எத்திலீன் உள்ளது. வைக்கோல், காய் தானே வெளியிடும் எத்திலீனை வெளியேறாமல் தேக்கி வைக்கிறது.

ஹார்மோன் கண்டறியப்பட்டமை

1901-இல் உருசிய அறிஞர் திமித்ரி நெல்யுபோவ், விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீனே பட்டாணி நாற்றுகளின் வளர்ச்சியை மாற்றியது எனக் காட்டினார். 1934-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன், பழங்களே எத்திலீனை உருவாக்குவதை மெய்ப்பித்தார்.

மா, வாழை, பப்பாளி ஆகியவை பறித்த பின்னும் எத்திலீனால் பழுக்கும். திராட்சை அவ்வாறு பழுப்பதில்லை; அதில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனே முதன்மையானது. அவுரிநெல்லி எனப்படும் புளூபெர்ரி நிறம் மாறுவதிலும் இவ்வமிலத்துக்குப் பங்குண்டு. அதில் எத்திலீனின் பங்கு இன்றும் ஆய்வுக்குரியது.

கார்பைடு கல்

கால்சியம் கார்பைடு ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். இது எத்திலீனைப் போலச் செயல்படும். ஆனால் ஆற்றல் குறைவு. மலிவாகக் கிடைத்ததால் வணிகர்கள் இதைக் கையாண்டனர். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்புகள் இருப்பதால், அதைக் கையாளும் தொழிலாளர்க்கும் பழத்தை உண்போர்க்கும் தீங்கு நேரலாம்.

சட்டம்

உணவுக் கலப்படத் தடை விதிகள் அசிட்டிலீனால் பழுக்கவைப்பதைத் தடை செய்தன. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அத்தடை தொடர்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்த 2016-இல் அனுமதி தரப்பட்டது. இருப்பினும், மாம்பழப் பருவத்தில் கோயம்பேட்டில் நடக்கும் சோதனைகளில் கார்பைடு வைத்த பழங்கள் பலமுறை பறிமுதலாகியுள்ளன.

அனுமதிக்கப்பட்ட எத்திலீனும் முற்றாத காயை இனிப்பாக்காது. மாவுச்சத்து போதிய அளவு சேர்வதற்கு முன்பே பறித்த மாங்காயின் தோல் மஞ்சளாகும்; சதை புளித்தே இருக்கும். ஆகவே தோலின் நிறம் மட்டுமே பழத்தின் முதிர்ச்சிக்குச் சான்றாகாது.