வட்டின் எல்லையும் எண்ணின் எல்லையும்

வணிகத்தால் வளர்ந்த பினாங்குத் தீவு, தீர்வையற்ற துறைமுகம் என்னும் தகுதியை 1969ஆம் ஆண்டில் இழந்தது. வேலையின்மை பெருகிய அந்நாளில் முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் இயூ, ஆலைத்தொழிலை நாடினார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. இன்டெல், ஹியூலட் பேக்கர்ட் முதலிய நிறுவனங்கள் அங்கு வந்தன. பின்னாளில் கணினி வன்வட்டுத் தொழிலும் காலூன்றியது. காந்தப் பூச்சுத் தட்டுகளை இங்கே செய்துவந்த கோமாக் நிறுவனத்தை 2007இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது.

தட்டு எத்துணை நேர்த்தியாக உருவாயினும், அதில் எழுதுவதும் படிப்பதும் இயக்க முறைமையில் உள்ள 'இயக்கி' என்னும் நிரலின் கையில் உள்ளன. இயக்கி வட்டின் ஒவ்வொரு பகுதியையும் எண்ணிட்டே அறியும். அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடமோ அளவுக்குட்பட்டது. இடர் தோன்றிய இடம் அதுவே.

பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கை எண்ணுக்கு மூன்று கட்டங்களே உள்ளன என்று கொள்வோம். 1001ஆம் மாணவனின் எண் 001 என்று பதிவாகும். முதல் மாணவனின் விவரம் அழியும். எழுத்தர் பிழையேதும் உணரார். வன்வட்டிலும் இதுவே நிகழ்ந்தது.

தொடக்க கால டாஸ் முறைமையில் பகுதி எண்ணுக்கு 16 இரும இலக்கங்களே இருந்தன. பகுதி ஒன்றுக்கு 512 பைட்டு. ஆகவே 32 மெகாபைட்டே எல்லை. 1980இல் வந்த 5 மெகாபைட்டு வட்டுக்கு அது கடலளவு. பத்தாண்டு கழியுமுன் போதாமற் போயிற்று. பின்னர் 28 இலக்க முறை வந்து, எல்லை 137 ஜிகாபைட்டு ஆயிற்று. அதனையும் வட்டுகள் தாண்டின. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முதற்பதிப்பு இவ்வெல்லையைக் கடக்க ஆயத்தமாயிருக்கவில்லை. 2002ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பே 48 இலக்க முறைக்கு இடந்தந்தது. இடைக்காலத்தில் எல்லைக்கு அப்பால் எழுதப்பட்டது வட்டின் தொடக்கத்தில் விழ, அங்கிருந்த அட்டவணையே சிதைவுறும் இடர் இருந்தது. நிரம்பும்வரை வட்டு நன்றாகவே இயங்கும் என்பதுதான் கொடுமை!

ஆதலால் இயக்கியைச் சோதிப்போர் நடுப்பகுதியில் எழுதிப் பார்த்து அமைவதில்லை. எல்லைக்கு ஒன்று முன்னும், எல்லையிலும், ஒன்று பின்னும் வெவ்வேறு குறிகளை எழுதுவர். பின்பு அவற்றோடு வட்டின் முதற்பகுதியையும் படித்து, அது மாறாதிருக்கிறதா என்று காண்பர். எல்லையைக் குறுக்கே கடக்கும் ஒரே கட்டளையையும் கொடுத்துப் பார்ப்பர்.

ஒரு கட்டளையில் எத்தனை பகுதிகள் எழுதலாம் என்பதிலும் வரம்புண்டு. பழைய முறையில் 256. எண்ணிக்கைக் கட்டத்தில் சுழியம் இருந்தால் 256 என்று பொருள். புதிய முறையில் சுழியத்துக்கு 65,536 என்று பொருள். ஆயினும் லினக்ஸ் முறைமையின் இயக்கி 65,535 வரை மட்டுமே கேட்கும். அந்தச் சுழியத்தை அனுப்பாதிருத்தற் பொருட்டே ஒன்றைக் குறைத்துக்கொண்டனர்.