நண்டின் கொடுக்கும் காப்பிச் செடியும்

பீடோர் என்றதும் ஈயச் சுரங்கமும் இரப்பர்க் காடும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் இரப்பருக்கு முன்னரே மலாய் மண்ணில் தமிழ்த் தொழிலாளியின் மண்வெட்டி பதிந்தது கரும்புக்கும் காப்பிக்குமாகும். 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. இருபதாண்டுகளுக்குள் அங்குக் காப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. துரைமார் சிலர் மலாயாவை நாடி வந்தனர். தாழ்நில வெப்பத்தைத் தாங்கும் லைபீரியக் காப்பியைப் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் பகுதிகளில் நட்டனர். 1890-களில் செழித்த அப்பயிர், பிரேசிலின் மிகை விளைச்சலால் விலை சரிந்ததாலும், இலை தின்னும் அந்துப்புழுவின் தாக்குதலாலும் நூற்றாண்டின் முடிவில் இரப்பருக்கு இடம் விட்டது.

விலையையும் புழுவையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். மண்ணைப் பற்றிய பேச்சோ குறைவு. புல்பூண்டற்ற நிலமே நல்ல தோட்டம் என்பது அக்காலத் துரைமார் கொள்கை. அவர்தம் ஆணைப்படி தொழிலாளர் களை செதுக்கினர். திறந்து கிடந்த மேல்மண்ணைப் பெருமழை ஆற்றுக்கு வாரிச் சென்றது. மண்ணோடு மட்கும் போயிற்று. அம்மட்கு எத்தகைய செல்வம் என்பதை வேதியியல் பின்னரே விளக்கிற்று.

1920-இல் மார்கன், ட்ரூ என்னும் ஆங்கில வேதியியலார், உலோக அணுவொன்றைக் கரிமப் பொருளொன்று பல முனைகளால் கவ்விப் பிடிப்பதற்கு நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பெயரிட்டனர். தமிழில் கொடுக்கிணைப்பு என்கிறோம். மூலத்தினும் அழகிய சொல் என்றே கூறலாம். 1935-இல் மூன்சு என்பவர் இ.டி.டி.ஏ. என்னும் செயற்கைக் கொடுக்கை ஆக்கினார். 1950-களில் புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில், அதனுடன் இணைத்த இரும்பை இட்டதும் மஞ்சளித்த மரங்கள் பச்சை பெற்றன. மட்கிலுள்ள அமிலங்கள் தொன்றுதொட்டுச் செய்துவரும் பணியும் இஃதே.

மண்ணில் உலோகம் இருப்பது வேறு, வேர் அதனைப் பெறுவது வேறு. துத்தநாகம் குன்றிய காப்பிச் செடியில் இலைகள் சிறுத்துக் குறுகும். கணுக்கள் நெருங்கிக் கொத்தாகும். மிகுதியான சுண்ணாம்பும் பாஸ்பரமும் அந்தத் துத்தநாகத்தை வேருக்கு எட்டாதவாறு பூட்டிவிடுகின்றன. கொடுக்கிணைப்பு உலோகத்தைப் பூட்டினின்று காத்து வேரருகே சேர்க்கிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இரும்பு மிகுந்த புளிப்பு மண்ணில் இ.டி.டி.ஏ. தான் ஏந்திவந்த துத்தநாகத்தை விட்டுவிட்டு இரும்பைப் பற்றிக்கொள்ளும். நாம் கொடுத்தது ஒன்று, செடி பெற்றது வேறொன்று! தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் துத்தநாகக் கரைசலை இலைமேல் தெளிக்கும் வழக்கத்தின் பயன் இங்கே விளங்கும்.

இலைத்துருவை எதிர்க்க வந்ததும் ஓர் உலோகமே. 1885-இல் பிரெஞ்சு அறிஞர் மில்லார்டே வெளியிட்ட போர்தோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. முந்திரிக் கொடிக்கென்று தோன்றிய அது காப்பிக்கும் காவலாயிற்று. ஆண்டுதோறும் தெளித்த செம்பு கரையாது மேல்மண்ணில் தங்கியது; கென்யத் தோட்ட மண்ணில் அது பன்மடங்கு பெருகியதை ஆய்வாளர் கண்டனர். மிகுந்த செம்பு, வேர் இரும்பை ஏற்பதைத் தடுக்கும்.

இதற்கு நேர்மாறான காட்சி மலேசியக் கரையோரக் கரிச்சதுப்பு நிலத்தில் உள்ளது. அங்கு மட்கு மிதமிஞ்சியது. அது செம்பை இறுகக் கவ்விக்கொண்டு விடுவதே இல்லை. செம்பனையின் நடுமட்டைகள் வெளிறும் நோய்க்கு இச்செம்புப் பஞ்சமே காரணம். கொடுக்கு ஊட்டவும் செய்யும், பட்டினி போடவும் செய்யும்.

பீடோரின் பழைய ஈய நிலமோ மட்கற்ற வெறும் மணல். எரு, தழையுரம் இட்டு அம்மணலில் கொய்யா வளர்த்துப் பெயர்பெற்றனர் இவ்வட்டார உழவர். அத்தகைய நிலத்தில் செயற்கைக் கொடுக்கை அளவின்றி இடுதல் தகாது. அது எளிதில் சிதையாது, மழைநீரோடு கீழிறங்கும், வேண்டாத உலோகம் இருப்பின் அதனையும் கரைத்துச் செல்லும். 1990-களில் அமெரிக்க ஆய்வாளர், காரீயம் படிந்த மண்ணில் இ.டி.டி.ஏ. இட்டு, அந்நஞ்சைப் பயிரின் தண்டு வரை ஏறச் செய்து காட்டினர். மண்ணைத் தூய்மைப்படுத்தவே அவர்கள் அவ்வாறு செய்தனர்; அப்பயிர் எவருக்கும் உணவாக வளர்க்கப்பட்டதன்று.