காபிச் செடியும் லாசரஸ் குரூப்பும்

எங்க சித்தப்பா ஏற்காட்டில் காபி எஸ்டேட் மேஸ்திரியா இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் மலையேறிப் போயிருந்தப்ப, "லாசரஸ் லாசரஸ்னு பேப்பர்ல போடறானே, யாருடா அது?"ன்னு கேட்டார்.

வடகொரிய அரசுக்காக வேலை செய்யுறதா அமெரிக்கா சொல்ற ஹேக்கர் கூட்டம். வடகொரியா மறுக்குது. ஆனா எப்படி உள்ளே வர்றாங்கன்னு சித்தப்பாவுக்கு விளக்கணுமே? காபிச் செடியை வெச்சே ஆரம்பிச்சேன்.

தண்டுதுளைப்பான் வண்டு பட்டை வெடிப்பில்தான் முட்டையிடும். புழு உள்ளே குடைஞ்சு, இலை மஞ்சளாகுற வரைக்கும் நமக்குத் தெரியாது. அதுக்குத்தான் பட்டையைத் தேய்ச்சு வெடிப்பில்லாம பண்றாங்க. கம்ப்யூட்டருக்கு அப்டேட்டும் அந்தத் தேய்ப்புதான். விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையை 2017 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் அடைச்சுடுச்சு. அப்டேட் பண்ணாதவங்க மே 12 அன்னிக்கு வான்னாக்ரையில் மாட்டினாங்க. பிரிட்டன் ஆஸ்பத்திரிகள்ல ஆரம்பிச்சு ஆந்திரா போலீஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் அடி!

"அப்ப அப்டேட் பண்ணிட்டா தப்பிச்சுக்கலாம்ல?"

அங்கதான் சித்தப்பா வினை. நாத்துப்பண்ணையிலேயே நோய் இருந்தா? 2023 மார்ச்சில் அதான் நடந்துச்சு. 3சிஎக்ஸ்னு ஒரு கம்பெனி, ஆபீஸ்களுக்கான போன் சாஃப்ட்வேர் பண்றவங்க. அவங்களோட ஒரிஜினல் அப்டேட்டுக்குள்ளயே விஷம். ஒழுங்கா அப்டேட் பண்ணினவங்கதான் மாட்டினாங்க. எப்படி? அந்தக் கம்பெனி ஊழியர் ஒருத்தர் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் எக்ஸ்-டிரேடர்னு வேறொரு சாஃப்ட்வேரை இறக்கியிருந்தார். அதுவும் ஏற்கனவே விஷம் கலந்தது! இதுக்குப் பேர்தான் சப்ளை செயின் அட்டாக்.

"நம்ம பக்கம் வரலையே?"

வந்துச்சே. கூடங்குளம், 2019. லாசரஸோட டிட்ராக் வைரஸ் அங்கே புகுந்திருக்குன்னு அக்டோபர் 28-ல் செய்தி பரவுச்சு. 29-ம் தேதி, 'பொய்ச் செய்தி'ன்னு அணுமின் நிலையம் அறிக்கை. 30-ம் தேதி, 'ஆமா, வந்தது உண்மைதான்'னு அணுமின் கழகம் ஒத்துக்கிச்சு. நிர்வாக வேலைக்கு வெச்சிருந்த, இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டர்லதானாம். உலையை இயக்குற நெட்வொர்க் தனியாம். இதுல என்ன கொடுமைன்னா, செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் அவங்களுக்குத் தகவல் சொல்லியாச்சு. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஊருக்கு மூச்சு விடலை. பக்கத்துலயே குடியிருக்குற ஜனங்க, அடுத்த தடவை 'ஒண்ணுமில்லை'ன்னு சொன்னா எப்படி நம்புவாங்க?

சித்தப்பா வெத்தலையை மென்னுக்கிட்டே சொன்னார்: "பூச்சி விழுந்த செடியைப் பிடுங்கி எரிச்சுட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரன்கிட்டயும் சொல்லிடுவோம்டா. மறைச்சா அவன் தோட்டமும் சேர்ந்து போயிடும்."

நான் இன்னமும் அப்டேட் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். தேய்க்காத தண்டுலதான் வண்டு அதிகம். ஆனா 'வெரிஃபைடு'ன்னு திரையில் வந்தா, முன்ன மாதிரி நிம்மதியா ஓகே அமுக்க முடியலை :-(