கொச்சிக்கடையிற் செங்கல்லும் கருங்கல்லும்

வீட்டைப் புதுப்பிப்போர் மாடிப்படியிற் கிடந்த கம்பளத்தை அகற்றிவிட்டு மரப்பலகை பதிப்பதுண்டு. அவ்வேளை செலவு, அழகு, உறுதி என்பனவே கருத்திற் கொள்ளப்படுகின்றன. அகற்றப்படும் பொருளுக்கு நாம் யாது கடமைப்பட்டுள்ளோம் என்னும் வினா எழுவதில்லை. வீட்டிற் சிறிதாகத் தோன்றும் இவ்வினா கோயில் திருப்பணியிற் பெரிதாகின்றது. கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் இதனை ஆராய்தற்கு ஏற்ற சான்றாகும்.

பொன்னம்பல முதலியார் 1857ஆம் ஆண்டளவில் இக்கோயிலைச் செங்கற் கட்டடமாக அமைத்தார். அவர் மைந்தர் பொன்னம்பலம் இராமநாதன் 1906இற் சொலிசிட்டர் ஜெனரல் பதவியினின்று ஓய்வுபெற்று, 1907 முதல் 1912 வரை அதனை முற்றாகக் கருங்கல்லாற் கட்டுவித்தார். அதே காலப்பகுதியில், 1911இல், படித்த இலங்கையரின் பிரதிநிதியாக அவர் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானமையும் நினைவுகூரத்தக்கது. நாட்டினரின் அரசியல் உரிமைக் குரல் ஓங்கிய நாள்களிலேயே, குடியேற்ற ஆட்சியின் தலைநகரிலே, துறைமுகத்தின் அயலிலே, தென்னிந்தியக் கற்றளி மரபு தலைநிமிர்ந்தது எனலாம்.

இம்மாற்றத்திற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. ஏழாம் நூற்றாண்டிற் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டிலே குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியன இன்றி அது ஆக்கப்பட்டதெனப் பெருமிதத்தோடு குறிப்பிடுகின்றது. பத்தாம் நூற்றாண்டிற் கண்டராதித்த சோழரின் தேவியாரான செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிகாவலிற் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, பழைய கற்களிலிருந்த சாசனங்களைப் புதிய சுவர்களிற் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். கட்டடம் மாறியது, அதன் நினைவு மாறவில்லை. பொருள் மாற்றத்தின் அறம் இதுவே எனத் துணியலாம்.

பொருளை மாற்றினால் உருவும் மாறும். மரவிட்டம் நெடுந்தூரத்தைத் தாங்கும்; அதே நீளமுள்ள கல்விட்டமோ தன் பாரத்தினாலேயே நடுவில் வெடிக்கக்கூடும். ஆதலாற் கல் மண்டபத்திலே தூண்கள் நெருங்கி நிற்கின்றன. ஒளி குறைந்து நிழல் மிகுகின்றது. அந்நிழலும் தண்மையும் கல்லின் இயல்பினாற் பிறந்தவையாகும். ஆயினும் கல்லும் மரத்தை மறந்துவிடவில்லை. தூணின் உச்சியிலே விட்டத்தை ஏந்தும் பொதிகையும் கூரையின் விளிம்பாகிய கபோதமும் தச்சன் மரத்திற் கண்ட வடிவங்களையே கல்லிற் காட்டுகின்றன. புதிய பொருள் பழைய பொருளுக்குச் செலுத்தும் வணக்கம் அது.

திருப்பணி முறையிலும் இவ்வுணர்வே அமைந்துள்ளது. மூலக்கோயிலிற் கைவைக்குமுன் இறைவனைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து வழிபாடு தொடரப்படும். கொச்சிக்கடையிற் கட்டடம் மாறிய பின்னரும் தலமும் திருப்பெயரும் நிலைத்தன. அப்பெயரில் தில்லைப் பொன்னம்பலமும் முதற்கோயிலை எடுத்தவர் பெயரும் ஒருங்கே ஒலிக்கின்றன. தந்தையின் செங்கற்கள் மறைந்துவிட்ட இடத்திலே அவர் பெயர் வாழ்கின்றது.

எல்லாப் புதுப்பித்தலும் இத்தகையதன்று. தமிழகக் கோயில்கள் சிலவற்றில் மணல்வீச்சினாற் சுவர்களைத் துப்புரவு செய்தமை சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் தேய்த்தது. கற்றளத்தின்மேற் பளிங்கோடுகள் பதித்தமை பழமையை மூடிவிட்டது. பழையது என்பதனாலேயே ஒரு பொருளைக் காத்தல் இயலாது. உறுதி குன்றியதை மாற்றத்தான் வேண்டும். ஆயின் மாற்றுமுன் அளந்து, படமெடுத்து, எழுதிவைத்தல் எவருக்கும் இயலும். கற்றளிக்கு உரிய இக்கடமை நம் இல்லத்து மாடிப்படிக்கும் உரியதே. சுத்தியலை எடுக்குமுன் ஏட்டை எடுப்போமாக.